கடைசி வரியில் இரண்டு புள்ளி

"அடியில ரெண்டு புள்ளி மட்டும் தெரிஞ்சுச்சு தம்பி. ஸ்கிரீன்ல தூசின்னு நெனச்சு சட்டையில தொடச்சேன். போகல."

அறந்தாங்கி அண்ணன் இதைச் சொன்னது 2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கலங்காரம். தேக்கா சென்டரில் உட்கார இடமில்லாமல், ஆளுக்கொரு தே வாங்கிக்கொண்டு பஃபலோ சாலைப் பக்கம் வந்து நின்றிருந்தோம்.

அண்ணனை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். திருச்சியிலிருந்து வந்த விமானத்தில் பக்கத்து இருக்கை. இறங்குவதற்குள் நிரப்ப வேண்டிய ஆன்லைன் படிவத்தை அவர் ஃபோனில் நான் நிரப்பிக் கொடுத்தேன். "தம்பி கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கட்டுமானத்தில் கம்பி கட்டுகிறார். துவாஸ் பக்கம் டோமெட்ரி. ஞாயிறு வந்தால் தேக்கா.

அந்த வாரம் அவருக்கு ரத்தப் பரிசோதனை இருந்திருக்கிறது. சுகர் இருக்கிறதா என்று பார்க்க. ஆப்பில் மெசேஜ் வந்தது, அதுவும் தமிழிலேயே. அவர் படித்தார். காலையில் ஐந்தரைக்கு கேட்டரிங் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து கிளினிக் போனார். அங்கே சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். சாப்பிட்டேன் என்றார். மெசேஜ் படிக்கலையா என்று கேட்டார்கள். வேறொரு நாள் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் சம்பளம் போயிற்று.

"படிச்சேன் தம்பி. சாப்பிடன்னுதான் இருந்துச்சு. ரத்தம் எடுக்குறாங்க, மயக்கம் கியக்கம் வந்துரும், அதான் சாப்பிட்டு வரச் சொல்றாங்க போலன்னு நெனச்சேன். நம்ம எட்டாங்கிளாஸ். எங்கயோ தப்பாப் படிச்சிருக்கேன்."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று எழுத்தளவைப் பெரிதாக வைத்திருந்தார். கண்ணாடி இன்னும் போடவில்லை. பச்சை விளிம்பு வைத்த ஒரு அட்டை. அதில் தேதி மட்டும் தடித்த எழுத்தில். ஐந்தாவது வரி "காலை உணவு சாப்பிட" என்று முடிந்தது. அதற்குக் கீழே, அட்டையின் விளிம்பை ஒட்டி, இரண்டு புள்ளிகள்.

ண் ஒன்று, ம் ஒன்று. "வேண்டாம்" என்ற சொல்லின் உச்சியில் இருக்கும் இரண்டு புள்ளிகள்.

அந்தப் பச்சை விளிம்பை எனக்குத் தெரியும். அந்த மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்று டிசைனரோடு சண்டை போட்டவன் நான். ஆனால் அன்றைக்கு அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. "பாக்குறேன்ணே" என்று மட்டும் சொன்னேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஆப் எழுதாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபோன் திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. லேபிள் என்போம். அந்தப் பெட்டியின் உயரம் என்ன என்று யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதைச் சிஸ்டத்திடமே விட்டுவிடலாம். எழுத்து எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு உயரம் அதுவே எடுத்துக்கொள்ளும். சிக்கல் எப்போது வருகிறதென்றால், உயரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியபோது. எங்கள் அட்டை மடங்கியிருக்கும். தொட்டால் மெல்ல விரியும். எதுவரை விரிய வேண்டும் என்று விரிவதற்கு முன்பே கணக்கு வேண்டும். அதற்காக ஒரு ஃபங்ஷன். எத்தனை வரி என்று கேள், ஒரு வரியின் உயரம் என்ன என்று கேள், பெருக்கு. முடிந்தது.

ஒவ்வொரு வரியையும் யார், என்றைக்கு எழுதினார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. அதன் பெயரே 'பிளேம்'. திங்கட்கிழமை காலை அதை ஓட்டினேன். 2021. என் பெயர்.

இன்னும் பழைய வடிவம் ஒன்றும் அங்கே இருந்தது, அது இதைவிட மோசம். எழுத்துகளை எண்ணி, அதை வைத்து எத்தனை வரி வரும் என்று ஊகித்திருந்தேன். "சிங்கப்பூர்" நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பதினொன்று, ஏனென்றால் புள்ளியும் கொக்கியும் சுழியும் தனித்தனி யூனிகோடு குறியீடுகள். அந்தக் கணக்கில் பெட்டி எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று டிசைனர் சொன்னார். அதனால் "சரிசெய்தேன்". அசிங்கமாக இருந்தபோது எல்லாச் சொல்லும் உள்ளே இருந்தது.

சரிசெய்ததில் என்ன தப்பு? ஆண்ட்ராய்டிடம் "ஒரு வரியின் உயரம் என்ன" என்று கேட்டால் அது முதன்மை எழுத்துருவை வைத்துப் பதில் சொல்கிறது. எங்கள் ஆப்பில் அது ரோபோட்டோ. ரோபோட்டோவில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. தமிழ் வரும்போது சிஸ்டம் வேறொரு எழுத்துருவைத் தேடி எடுத்து அதில் எழுதுகிறது. அந்த எழுத்துருவின் உயரம் வேறு. அதாவது நான் அளந்தது ஒரு எழுத்தை, திரையில் வந்தது இன்னொரு எழுத்து. ஒப்பனை செய்த துண்டுகள் உள்ளே இருந்தால் தனித்தனி வரிகள் இந்த உயரத்துக்கு மேலேயோ கீழேயோ போகலாம் என்று அந்த ஃபங்ஷனின் ஆவணமே எச்சரிக்கிறது. நான்கு வருஷம் கழித்து அதைப் படித்தேன்.

பள்ளியில் ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெட்டைக் கோடு நோட்டு வாங்குவோம், ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் மேலே போகும் எழுத்துக்கும் கீழே இறங்கும் எழுத்துக்கும் கோடு போட்டு வைத்திருப்பார்கள். தமிழில் எழுத்தின் உடம்பு இரண்டு கோட்டுக்குள், புள்ளியும் 'கீ'யின் சுழியும் கோட்டுக்கு மேலே, 'மூ'வின் வால் கோட்டுக்குக் கீழே. மேல் வரியில் தொங்கும் வாலும் கீழ் வரியில் நிற்கும் புள்ளியும் முட்டிக்கொள்ளாமல் எழுத நமக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை, கை கற்றுக்கொண்டது. மென்பொருளுக்கு அந்தக் கை கிடையாது.

ஆனால் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. 2021-இல் தமிழில் சோதித்துப் பார்த்தது எனக்கே நினைவிருக்கிறது. அப்போது சரியாக வந்ததே? நான்கு வருஷம் யாருக்கும் வெட்டாதது இப்போது ஏன் வெட்டுகிறது?

இதற்கான பதிலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று முழு வடிவம். இன்னொன்று 'யூஐ' என்ற அடையோடு வருவது, லத்தீன் எழுத்துக்காகப் போட்ட உயரத்துக்குள் அடங்கும்படி மேலும் கீழும் அமுக்கப்பட்டது. திரையில் இயல்பாக வந்துகொண்டிருந்தது அமுக்கிய வடிவம்தான். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இல் முழு வடிவத்தைக் கேட்டு வாங்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள். 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்று பெயர். நேர்த்தியான உயரமாம். கேட்காதவர்களுக்கு அமுக்கியதே. நான் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2024-இல் ஆண்ட்ராய்டு 15 வந்தபோது இதை மாற்றினார்கள்: அந்தப் பதிப்பை இலக்காக வைக்கும் ஆப்களில் சுவிட்ச் தானாகவே போட்டபடி இருக்கும். அறிவிப்பில் அரபு, லாவோ, மியன்மார், தமிழ், குஜராத்தி, கன்னடம், மலையாளம், ஒடியா, தெலுங்கு, தாய் என்று வரிசையாகப் பெயர் சொல்லி எச்சரித்திருந்தார்கள். உங்கள் லேஅவுட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. 2025 ஆகஸ்ட் 31-க்குள் இலக்கை அந்தப் பதிப்புக்கு உயர்த்தியாக வேண்டும் என்று பிளே ஸ்டோர் விதி. கடைசி வாரத்தில் ஓடிப்போய் உயர்த்தினோம். ஆங்கிலத்தில் சோதித்தோம். எதுவும் மாறவில்லை. ஆங்கிலத்தில் எப்படி மாறும்?

ஆக, பத்து வருஷத்துக்கு மேல் தமிழ் எங்கள் பெட்டிக்குள் அடங்கியது அமுங்கிக் கிடந்ததால். முதுகை நிமிர்த்திய அன்றைக்குத் தலை இடித்துவிட்டது.

அண்ணனின் ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருடைய எழுத்தளவில் ரோபோட்டோவின் ஒரு வரி 49 பிக்சல். தமிழ் வரி 57. ஆறு வரிக்கு நான் ஒதுக்கியது 294, தேவைப்பட்டது 342. குறைவு 48. கடைசி வரியின் 57 பிக்சலில் 48 பெட்டிக்கு வெளியே போய்விட, மேலே 9 பிக்சல் மிச்சம். அந்த ஒன்பது பிக்சலில் தமிழில் என்ன இருக்க முடியும்? புள்ளிதான். எழுத்தளவை மாற்றாதவர்களுக்கு நான்கு வரி, அதில் கடைசி வரி இடுப்போடு போயிருந்தது. மேல்பாதியை வைத்து ஊகித்துப் படித்திருப்பார்கள் போல. யாரும் புகார் சொல்லவில்லை. கண் மங்க ஆரம்பித்தவர்களுக்குத்தான் முழுச் சொல்லும் போயிருக்கிறது.

ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது வேறு ஒன்றை ஞாபகப்படுத்தும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஆனாலும் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். பின்னால் பதிப்பித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. ஏட்டில் புள்ளி போய் எழுத்து நின்றது. இங்கே எழுத்து போய்ப் புள்ளி நிற்கிறது. ஏட்டை வாசித்தவர்களுக்குப் பரம்பரையாக ஒரு பயிற்சி இருந்தது. அண்ணனுக்கு இருந்தது ஐந்தரை மணி பஸ்.

உயரம் ஒரு பாதிதான். இன்னொரு பாதி தமிழ் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. அதே மெசேஜின் ஆங்கிலத்தை எடுத்து, என் தவறான பெட்டியில் போட்டு, வேண்டுமென்றே கடைசி வரியை வெட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'சாப்பிடாதே' என்பது வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. வால் போனாலும் பரிசோதனை எப்போது என்ற விவரம்தான் போகும். தமிழில் எதிர்மறை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட வேண்டாம். தொடக் கூடாது. கட்டணம் இல்லை. கடைசிச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் அரைகுறையாகக்கூட நிற்பதில்லை, நேரெதிராகத் திரும்பிக்கொள்கிறது. திரை எங்கே போதாமல் போனாலும் கடைசி வரியை வெட்டு என்பதுதான் உலகம் முழுக்க ஃபோன்களில் வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்களின் மொழியில் கடைசி வரியில் அவ்வளவு முக்கியமானது எதுவும் இருக்காது.

எங்கள் ஆப்பில் தமிழ் வருவது ஒரு எக்செல் கோப்பிலிருந்து. முதல் பத்தியில் ஆங்கிலம், பக்கத்தில் சீனம், வங்காளம், தமிழ். ஆங்கிலம் முடிவான பிறகுதான் மற்றவை நிரப்பப்படும். நிரப்புகிறவருக்கு அந்த வரி எந்தத் திரையில், எவ்வளவு பெரிய பெட்டியில் வரும் என்று தெரியாது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 2014-இல் 'லாவ் பா சாட்' உணவு மையத்துக்கு வழிகாட்டும் பலகையில் தமிழில் 'லாவ் பா சனி' என்று வந்துவிட்டது. 'சாட்' என்பதை சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு. பலகையைப் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள், உடனே திருத்தினார்கள். நானும் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். பலகையில் நடந்த தப்பு நல்ல தப்பு. தெருவில் நிற்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது. அண்ணன் ஃபோனில் நடந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார். அவரும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இதே சிங்கப்பூரில்தான் 1997-இல் தமிழ் இணைய மாநாட்டின் முதல் கூட்டம் நடந்தது. இங்கிருந்த நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழ் எழுத்து திரையில் வருவதற்கே விசைப்பலகையும் குறியீடும் எழுத்துருவும் ஒவ்வொன்றாக உண்டாக்க வேண்டியிருந்தது. எனக்கு அதெல்லாம் ஃபோனோடு சும்மா வந்தது. எழுத்து வருகிறதா என்ற கேள்வியே என் தலைமுறைக்கு இல்லை. வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

சரிசெய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பெருக்கலைத் தூக்கினேன். திரையில் வரப்போகும் அதே எழுத்தை, அதே தடிப்போடு, அதே வரி இடைவெளியோடு, அதே அகலத்துக்குள் ஒரு தடவை கண்ணுக்குத் தெரியாமல் அடுக்கிப் பார்த்து, அடுக்கி முடித்தபின் மொத்த உயரத்தைக் கேட்கச் சொன்னேன். ஆண்ட்ராய்டில் 'ஸ்டாட்டிக் லேஅவுட்' என்று அதற்கு ஒரு வழி எப்போதும் இருக்கிறது. பின்னம் வந்தால் கீழே வெட்டாமல் மேலே ஏற்று. ஐஃபோன் பக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கே உயரம் 71.6 என்று சரியாக வந்ததை ஒரு இடத்தில் முழு எண்ணாக்கி 71 என்று வைத்திருந்தோம். அந்தப் பக்கத்து லேபிள் இன்னும் கறார். அரைப் புள்ளி குறைந்தாலும் கடைசி வரியை மொத்தமாகக் கழற்றிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். அதையும் மாற்றினேன். அதை எழுதியது நானில்லை. பிளேம் போட்டுப் பார்க்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு தேக்காவில் கூட்டம் இன்னும் அதிகம். கேம்பல் லேனுக்குள் நுழையவே முடியவில்லை. அண்ணன் ஊருக்கு அனுப்ப இரண்டு சேலை எடுத்திருந்தார். நான் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன், ஆனாலும் தே தீரும்வரை வேறு என்னென்னவோ பேசினேன்.

"அண்ணே, அந்த கிளினிக் ஆப்பு இருக்குல்ல. அது நான் வேலை பாக்குற எடத்துல செஞ்சதுதான். அந்த மெசேஜுல கடைசி வார்த்தை வெட்டுப்பட்டதுக்கு நான் எழுதுனதுதான் காரணம். நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எட்டாங்கிளாஸ் பாஸுதான்" என்றார்.

"அரை நாள் சம்பளம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. போன வாரமே ஏன் சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் காத்திருக்கவில்லை. ஃபோனை எடுத்து அந்தப் பழைய மெசேஜைத் திறந்தார். புது பதிப்பு வந்திருந்தது. அட்டை விரிந்தது. ஆறாவது வரியில் "வேண்டாம்" முழுசாக நின்றது. அதை வாய்விட்டு ஒரு தடவை முதலிலிருந்து படித்தார். உங்கள் ரத்தப் பரிசோதனை, என்று ஆரம்பித்து, தேதி, நேரம் எல்லாம். முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது யாரு தம்பி எழுதுனது?"

"வெளிய கொடுத்து எழுதி வாங்குறதுண்ணே."

"நம்ம ஊரு லேப்புல இப்படியா சொல்லுவாங்க? வெறும் வயித்துல வாங்கன்னு சொல்லுவாங்க. அத மேல போட்டுட்டு, அப்புறம் தேதியப் போட வேண்டியதுதான? கீழ எத வெட்டுனா என்ன?"

ஒரு வாரமாக நான் பிக்சல் எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டி மட்டுமல்ல, அதற்குள் இருந்த வாக்கியமும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'சாப்பிட வேண்டாம்' என்பது இலக்கணப்படி சுத்தமான தமிழ்தான். ஆனால் அறந்தாங்கியிலோ மன்னார்குடியிலோ எந்த நர்ஸும் அப்படிச் சொன்னதில்லை. என் அப்பாவை லேப்புக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் நானே கேட்ட வார்த்தைதான் அது. எக்செல்லில் அந்த வரியைப் பார்த்து, சரி என்று டிக் போட்டவனும் நானே.

மறுநாள் ஆபீஸில் அந்த வரியை மாற்றக் கேட்டேன். ஆங்கிலத்தில் அப்படி இல்லையே என்றார்கள். தமிழில் மட்டும் வரிசை ஏன் மாற வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டுக் கேட்டார்கள். சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் விட்டுவிட்டார்கள். இன்னும் நாற்பத்துச் சொச்சம் மெசேஜ்கள் இருக்கின்றன, அதில் எதிர்மறையில் முடிகிறவை பதினேழு. நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறேன். ஏண்டா, உனக்குத் தமிழ் மறந்துபோச்சா என்கிறாள்.

தீபாவளி கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு மறுபடியும் பரிசோதனைக்கு மெசேஜ் வந்திருந்தது. முதல் வரியிலேயே "வெறும் வயிற்றில் வரவும்." அவருக்குத் திருப்தி. 'வயித்துல' என்று போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல செட்டிங்ஸுக்குப் போய், எழுத்தளவை இருந்ததிலேயே பெரிய அளவுக்கு இழுத்து வைத்தார். மறுபடி அந்த அட்டையைத் திறந்து, ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப பாருங்க. இதுல வெட்டுதா?"